கண்ணன் வருவது சபைக்குத் தெரியட்டும்

வாழைச்சேனைப் பக்கத்தில் ‘கர்ணன் போர்’ பழகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கைமாரே,

உங்கள் கூத்துக்குச் சதங்கை அணி முடிந்துவிட்டது, அடுத்தது முழு ஒத்திகையான அடுக்குப் பார்ப்பதுதான் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். கூடவே இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. விடிய விடிய ஆடுகிற கூத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கும்போது, கண்ணன் கிழட்டு வேதியராக வரும் இடத்தை மாற்றப் போகிறீர்களாம். வரவுத் தரு என்ற வரவுப் பாட்டு இல்லை. கண்ணன் தான் இன்ன வேஷம் எடுத்துப் போகிறேன் என்று சபைக்குச் சொல்லும் இடமும் இல்லை. வெளிச்சத்தை மங்கவைத்து, யாரென்று சொல்லாமல் ஒரு கிழவனைத் தடியூன்றி வரவிடுவீர்கள். கர்ணன் தன் தருமத்தையெல்லாம் தாரை வார்த்துக் கொடுத்த பிறகு வெளிச்சத்தை முழுதாகப் போட்டு, ‘பார், இவன்தான் கண்ணன்’ என்று காட்டுவீர்கள். சபை திடுக்கிடும், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம்.

அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். உங்களிடம் நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கிரான், சந்திவெளி, வந்தாறுமூலை என்று இந்த வாவிக்கரை நெடுகக் கூத்துப் பழகும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதே யோசனை வரக்கூடும். அவர்களும் வாசிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூத்தில் கை வைக்கவே கூடாது என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியதும் இதே ‘கர்ணன் போர்’தான். இரவு முழுக்க வட்டக்களரியில் ஆடியதை அவர் படச்சட்ட மேடைக்குள் கொண்டுவந்தார். பாட்டைக் குறைத்தார், ஆட்டத்தை இறுக்கினார். அடுத்த வருசம் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’. நம்முடைய அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு அதில் இராவணனாக ஆடியபோது, ஊர்க் களரியில் வில்லனாக நின்ற இராவணன், விழப்போவது தெரிந்தும் நிமிர்ந்து நிற்கும் துன்பியல் தலைவனாக மாறினான். அந்த மாற்றங்கள் இல்லாவிட்டால் கூத்து நகரத்துப் படித்தவர்களின் கண்ணில் பட்டே இராது. பிற்பாடு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் சேர்ந்து, ஊரிலேயே இருந்துகொண்டு ஏட்டைத் திரும்பப் பார்த்தார்கள். பெண்ணை இழிவுபடுத்தும் வரி எது, சாதி பேசும் வரி எது என்று உட்கார்ந்து கதைத்து மாற்றி எழுதினார்கள். மாற்றம் எனக்குப் பகை இல்லை. உங்கள் கூத்தில் குந்திக்கு ஒரு தங்கச்சி ஆடுகிறாள் என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? எங்கள் காலத்தில் குந்தியும் ஆம்பிளை, பாஞ்சாலியும் ஆம்பிளை. மீசை எடுத்த முகத்தோடு ஒரு மாதம் ஊருக்குள் திரிவார்கள்.

என்றாலும் இந்த ஒரு மாற்றம் கூத்தின் உயிர்நாடியில் கை வைக்கிறது.

களரியை நினைத்துப் பாருங்கள். வட்டமாக மண் மேடை. சுற்றிவரச் சனம். மேடைக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது, ஒளிந்து நிற்க ஒரு மூலையும் கிடையாது. நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார், பக்கத்தில் சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரர். ஒவ்வொரு கூத்தனும் வந்து, தாளக்கட்டுக்கு ஆடி, தான் யார் என்று பாட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறான். பல நேரம் தன்னைப் பற்றியே யாரோ ஒருவரைப் பற்றிப் பாடுவதுபோல், ‘இன்ன அரசன் கொலுவுக்கு வந்தான்’ என்று படர்க்கையில் பாடுகிறான். வேஷம் போட்டவனே நின்று தன் வேஷத்தை அறிவிக்கிற கலை இது. துரியோதனன் கரப்புடுப்போடு சுழன்று வரும்போது, அவன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று சபைக்குத் தெரியும். சகுனி காயை உருட்டும்போதும் தெரியும். யாருக்குத் தெரியாது என்றால், களரிக்குள் எதிரில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியாது.

இப்படி வெளிச்சத்தில் வைத்து நடக்கும் வஞ்சகத்தைப் பார்த்து வளர்ந்த சபை, ‘யார் இவன்?’ என்று கேட்பதில்லை. ‘இது தெரிந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?’ என்ற வேறொரு கேள்வியைத்தான் கேட்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் வடமோடிக் கூத்து போரிலும் சாவிலும் போய் முடிகிறது என்று நான் நினைக்கிறேன். தென்மோடி பெரும்பாலும் காதலில் தொடங்கிக் கலியாணத்தில் முடியும். அங்கே மாறுவேஷம் விளையாட்டு. வடமோடியில் மாறுவேஷம் ஆளைக் கொல்லும்.

இப்போது கர்ணன் கதையை எடுப்போம். வில்லிபுத்தூரார் பாரதத்தில் வருவதைத்தான் நம் அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். கர்ணனுக்கு நடந்த வஞ்சகங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் இந்திரன் வேதியர் வேஷத்தில் வந்து கவசத்தையும் குண்டலத்தையும் கேட்டு வாங்கிப் போகிறான். வியாசர் பாரதத்தில், இப்படி ஒருவன் வரப்போகிறான் என்று சூரியனே கனவில் வந்து சொல்லி எச்சரிக்கிறான். கர்ணன் தெரிந்துதான் கொடுக்கிறான். அடுத்து குந்தி. கண்ணன் சொல்லித்தான் அவள் போகிறாள். கடைசியில், அம்பு பட்டுத் தேரில் சாய்ந்து கிடப்பவனிடம் கண்ணனே கிழட்டு வேதியராகப் போய், செய்த தருமத்தின் பலனையெல்லாம் தானமாகக் கேட்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. கர்ணன் தன் நெஞ்சில் பாய்ந்த அம்பின் வழியே வரும் குருதியை வார்த்துக் கொடுக்கிறான்.

இதில் குந்தி வரும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதைவிட ஆழமான இடம் இந்தக் கதையில் வேறு இல்லை. ‘நான்தான் உன் தாய்’ என்று இதற்கு முன்னும் பல பெண்கள் கர்ணனிடம் வந்திருக்கிறார்கள். பொய்யாக வந்தவர்கள் உடுத்தால் எரித்துவிடும் ஒரு துகில் அவனிடம் இருக்கிறது. குந்தியையும் அதை உடுக்கச் சொல்கிறான். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. உண்மையான தாய். மகன் உருகிப் போகிறான். அந்த உருக்கத்தில்தான் அவள் கேட்டதெல்லாம் கிடைக்கிறது: நாகக்கணையை ஒரு தரத்துக்கு மேல் தொடுக்கமாட்டேன், அருச்சுனன் தவிர்ந்த நால்வரைக் கொல்லமாட்டேன். துகில் அவள் யார் என்பதைச் சோதித்தது. அவள் எதற்கு வந்தாள் என்பதைச் சோதிக்க அதற்குத் தெரியவில்லை. தாயின் வேஷத்தில் வந்த பொய்க்காரி என்றால் எரிந்திருப்பாள். வந்தவள் தாயேதான், வந்த காரியம்தான் மகனைக் கொல்லும் காரியம். தோற்றமும் உண்மையும் ஒன்றாக இருக்கும்போதே வஞ்சகம் நடக்கிறது. உலகத்தில் எந்த நாடகக்காரன் இதைவிட நுட்பமாக ஒரு ஏமாற்றை எழுதிவிட்டான்?

குந்தி ஆடும் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. அவள் பொய்யாக அழுகிறாள் என்று ஆடாதே. உண்மையாகவே அழுகிறாள். மற்ற ஐந்து பேரின் உயிரும் அதே நேரத்தில் அவள் நெஞ்சுக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடி.

இன்னொன்றும் உண்டு. ஏமாற்றப்பட்ட கர்ணன் ஒரு காலத்தில் ஏமாற்றியவன். பரசுராமரிடம் வில்வித்தை கற்கப் போனபோது, தான் வேதியன் என்று சொல்லித்தான் சேர்ந்தான். குரு அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது ஒரு வண்டு தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். இரத்தம் பட்டு விழித்தவர், ஒரு வேதியனால் இந்த வலியைத் தாங்க ஒண்ணாதே என்று கேட்டு, பொய்யைக் கண்டுபிடித்துச் சபிக்கிறார். வேளைக்கு உதவாமல் வித்தை மறந்துபோகட்டும் என்கிறார். இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தைக்காகக் கர்ணன் எடுத்த வேஷம் வேதியர். கவசத்துக்காக இந்திரன் எடுத்த வேஷம் வேதியர். தருமத்துக்காகக் கண்ணன் எடுத்த வேஷமும் அதே வேதியர்தான். கர்ணன் எந்த உடுப்புக்கு மறுப்புச் சொல்லமாட்டானோ அந்த உடுப்பைப் பார்த்துப் போட்டுத்தான் அவனிடம் வருகிறார்கள். நம்மிடம் ஏமாற்ற வருகிறவர்களும் அப்படித்தான், நாம் எதற்கு இளகுவோம் என்று அறிந்து அதை உடுத்துக்கொண்டு வருகிறார்கள். வெளிநாட்டு வேலை எடுத்துத் தருகிறேன் என்று வாசலுக்கு வந்தவன் எவனாவது களவெடுப்பவன் மாதிரி உடுத்து வந்தானா?

இந்த மூன்று வேதியரும் ஒரே கோட்டில் சபையின் மனத்தில் ஓட வேண்டுமென்றால், தடியூன்றி வருகிறவன் கண்ணன் என்பது முதல் அடியிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், யாரோ ஒரு கிழவர் வந்தார், ஏதோ கேட்டார், இவன் கொடுத்தான். பிறகு வெளிச்சம் வந்தபோது ‘அட, கண்ணனா!’ என்று ஒரு நொடி. அந்த நொடிக்காக அரை மணித்தியாலத் துயரத்தைப் பறிகொடுக்கிறீர்கள்.

சின்ன வயதில் நான் பார்த்த ஒரு ‘கர்ணன் போர்’ இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விடியப் போகிற நேரம், பெற்றோமக்ஸ் ஒன்று மங்கிப் போய் ஒருவர் பம்பு அடித்துக்கொண்டிருந்தார். பாதிச் சனம் பாயில் சரிந்து தூக்கம். கண்ணனாக ஆடியவர் எல்லாரும் பார்க்கவே முடியைக் கழற்றி ஒரு பையனிடம் கொடுத்தார், தோளில் ஒரு பழைய சால்வையைப் போட்டார், தடியை வாங்கினார். அதுவரை துள்ளி ஆடிய கால் அடுத்த தாளத்திலேயே இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கியது. அண்ணாவியார் மத்தளத்தை அமத்தி வாசித்தார். தூங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பி உட்கார்ந்தார்கள், அந்த அமத்தலே அவர்களை எழுப்பியிருக்க வேண்டும். கிழவர் கர்ணன் பக்கம் வந்து கையை நீட்டினார். அப்போது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, களரி ஓரத்தில் இருந்தபடி சத்தமாகச் சொன்னா: ‘குடுக்காத மனே, அவன் கிருஷ்ணன்கா!’ ஒருவரும் சிரிக்கவில்லை. கர்ணனாக ஆடியவர் அந்தத் திசைக்கு ஒருமுறை முகத்தைத் திருப்பினார், பிறகு தானத்தைக் கொடுத்தார். அந்த ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. அதே ஆச்சி மறுநாள் விடிய எழும்பிக் கண்ணன் படத்துக்குப் பூ வைத்திருப்பா, அதிலும் சந்தேகமில்லை.

நீங்கள் திட்டமிட்டிருக்கிறபடி ஆடினால் அந்த ஆச்சிக்குச் சத்தம் போட இடமே இருக்காது. அவவுக்கும் ஒன்றும் தெரியாதே.

‘சேக்ஸ்பியர் எல்லாம் இப்படியா எழுதினார்?’ என்று உங்களில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் கேட்கலாம். இப்படித்தான் எழுதினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, நம் நாடக இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்தார். மக்பெத்துக்கு மகபதி என்று பேர் வைத்தார். அந்த மகபதியின் கதையைப் பாருங்கள். கிழட்டு அரசன் டங்கன், தனக்குத் துரோகம் செய்த ஒரு பிரபுவைக் கொல்லச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து மனத்தை அறிய வழியில்லையே, அவனை முழுக்க நம்பியிருந்தேனே என்று வருந்துகிறான். அவன் சொல்லி வாய் மூடமுன் உள்ளே வருகிறவன் மகபதி. அந்தத் துரோகியின் பட்டத்தை அரசன் அவனுக்கே கொடுத்திருக்கிறான், அவனையும் முழுக்க நம்பிக்கொண்டு. பிறகு மகபதியின் கோட்டை வாசலில் நின்று, இந்த இடத்துக் காற்று எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று புகழ்கிறான். உள்ளே அவனைக் கொல்லும் எண்ணம் உருவாகிவிட்டது நமக்குத் தெரியும். தெரிவதால்தான் அந்தக் காற்றுப் பேச்சு நெஞ்சைப் பிசைகிறது. தெரியாமல் கேட்டால் அது விருந்துக்கு வந்தவர் சொல்லும் வெறும் முகமன். ‘ஒத்தெல்லோ’விலும் அப்படியே. இயாகோ தான் வஞ்சகன் என்பதை முதல் காட்சியிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். பிறகு ஒத்தெல்லோ அவனை நேர்மையானவன், நேர்மையானவன் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் சபைக்குத்தான் வலிக்கிறது. கிரேக்க நாடகம் பார்க்க வந்தவர்களுக்கும் ஈடிப்பஸ் யார் மகன் என்பது வீட்டிலிருந்து வரும்போதே தெரியும். பெரிய துன்பியல் நாடகங்கள் எதுவும் சபையை ஏமாற்றவில்லை. சபையைக் கூட்டிக்கொண்டு போய், ஏமாற்று நடக்கிற இடத்தில் பக்கத்திலேயே நிறுத்திவைத்தன.

நாடகப் பேச்சை விட்டு வெளியே வந்து ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வயதுக்கு இது கேள்விப்பட்ட கதையாக இருக்கும். உங்கள் சபையில் முன்வரிசைக் கதிரையில் உட்காரப் போகிறவர்களுக்கு அது கதை இல்லை.

போர்க் காலத்தில் இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைப்பார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச் சொல்வார்கள். வெயிலில் வரிசையாக விடுவார்கள். எதிரில் சாக்கோ துணியோ போட்டு முகத்தை மூடிய ஒரு ஆள் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசை அவன் முன்னால் நகரும். சிலருக்கு அவன் தலையை ஆட்டுவான். தலையாட்டி என்று பேர் வைத்தது சனம். தலை ஆடினால் அந்தப் பக்கம், ஆடாவிட்டால் இந்தப் பக்கம். மூடிய துணிக்குள் இருப்பவன் அடுத்த வளவுக்காரனாக இருக்கலாம், கூடப் படித்தவனாக இருக்கலாம், அடித்து வதைத்துக் கூட்டி வரப்பட்ட யாரோ ஒரு பாவப்பட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். ஓட்டையில் தெரிகிற கண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயன்ற தாய்மார் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

‘ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம்’ என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த சனத்தில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி. அவர்கள் திரும்பவில்லை. நீங்கள் மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போகும்போது தாண்டிப் போகிற அதே வளாகம்தான். உங்களில் சிலர் படிக்க ஆசைப்படுகிற வளாகமும் அதுதான். முகத்தை மூடி வந்தவர்களும், தெரிந்த முகத்தோடு வந்து பொய் சொல்லிக் கூட்டிப் போனவர்களும் ஒரு தரப்பில் மட்டும் இருந்ததில்லை. பக்கத்து முஸ்லிம் ஊர்களான ஓட்டமாவடியிலும் மீராவோடையிலும் போய்க் கேட்டால் அங்கும் தாய்மார் சொல்வார்கள், அவர்களுக்கு அதை வேறு ஆட்கள் செய்தார்கள்.

இருட்டுக்குள் முகம் தெரியாமல் ஒருவன் வந்து நிற்பதும், யாரென்று பிறகு தெரியவருவதும், இந்த மண்ணில் கைதட்டலுக்குரிய விசயம் இல்லை. அதை அனுபவித்த சனத்துக்கு முன்னால் விளக்கை மங்கவைத்து ஒரு மூடிய உருவத்தைக் களரிக்குள் விடப்போகிறீர்கள். ஒருமுறை யோசியுங்கள். வேஷம் போட்டவன் ‘இது நான் போட்ட வேஷம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு வருகிற இடமாக அவர்களுக்கு எஞ்சியிருந்தது கூத்துக் களரி மட்டும்தான். அதையும் எடுத்துவிட வேண்டாம்.

அதோடு, அந்தக் காலத்தில் ஊரை வதைத்தது ‘யார் செய்தது’ என்ற கேள்வி மட்டும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் யார் என்று தெரியும். தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. கர்ணன் யார் பிள்ளை என்பது குந்திக்குத் தெரியும், கண்ணனுக்குத் தெரியும், பீஷ்மருக்குத் தெரியும். தெரிந்த ஒருவர் ஒரு தடவை சபையில் எழும்பிச் சொல்லியிருந்தால் பதினெட்டு நாள் போர் இல்லை. தேரோட்டி மகன் என்று அவனைப் பழித்துச் சிரித்தபோதெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சபையும் அவர்களைப் போலவே தெரிந்தவர்களின் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. ‘குடுக்காத மனே’ என்று அந்த ஆச்சி கத்தியது, வேறு எங்கேயோ கத்த முடியாமல் போன ஒன்றையும் சேர்த்துத்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. நான் அவவைப் பார்த்தது போருக்கு முந்திய காலம். போருக்குப் பிறகு அப்படிக் கத்த வேண்டியவர்கள் ஊருக்குள் இன்னும் கூடிவிட்டார்கள்.

சரி, சுருக்கத்தான் வேண்டும். எதைச் சுருக்கலாம் என்று கேட்டால் சொல்கிறேன். போர்க்கள ஆட்டத்தில் ஒரே தருவை மூன்று தரம் திருப்பிப் பாடுவதைக் குறைக்கலாம். கர்ணனுக்குத் தேரோட்டும் சல்லியனின் சண்டையைச் சில வசனங்களில் முடிக்கலாம், ஆனால் தேரை ஓட்டுகிறவனே தன் வீரனின் மனத்தை உடைக்கிறான் என்பது மட்டும் விளங்க வேண்டும். துரியோதனன் கொலுவில் மந்திரிமார் வரவையெல்லாம் ஒன்றாக்கலாம். பரசுராமர் கதையை முழுசாக ஆட நேரமில்லை என்றால் கர்ணன் வாயில் ஒரு கொச்சகமாக வைத்துவிடுங்கள். வண்டு துளைத்த தொடையை அவன் கையால் ஒருமுறை தொட்டால் போதும், தெரிந்த சனத்துக்குத் தெரியும்.

கண்ணன் வேஷம் மாற்றும் இடத்தைச் சுருக்காதீர்கள். வெளிச்சத்தை மங்கவைக்காதீர்கள், முடிந்தால் இன்னும் கூட்டுங்கள். நடுக்களரியில் நின்று முடியைக் கழற்றட்டும். மயில்பீலி கையில் இருப்பது சபைக்குத் தெரியட்டும். தடி வாங்கும்போது தாளம் மாறட்டும். அந்தத் தாள மாற்றத்துக்கு அண்ணாவியாரோடு ஒரு முழுப் பின்னேரம் இருந்து பழகுங்கள், வேஷம் மாறுவதைக் கண்ணுக்கு முதல் காதுக்குச் சொல்வது அதுதான். கண்ணன் ஆடும் தம்பி கிழவனாக நடிக்கும்போது இடையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பழைய துள்ளல் காலில் வந்து போகட்டும். கர்ணன் அதைக் கவனித்தானா இல்லையா என்பது கர்ணன் ஆடும் தம்பியின் கையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் கவனித்தான் என்றுதான் ஆடச் சொல்வேன். கவசம் கேட்டு வந்தவனை அறிந்தே கொடுத்தவனுக்கு, இந்தக் கிழவனை அறியத் தெரியாதா? கவனித்துவிட்டு, பார்வையைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைக்கட்டும். குருதிக்குச் சாயத் தண்ணீர் வேண்டாம். உடுப்பெல்லாம் பழுதாகும், அடுத்த களரிக்கு உதவாது. இடுப்பில் செருகிய ஒரு சிவப்புச் சீலைத் துண்டை மெல்ல உருவிக் கிழவன் கையில் வைத்தால் போதும். நம் சனம் அதை இரத்தமாகத்தான் பார்க்கும்.

கடைசியாகக் குந்தியின் புலம்பல். நேரம் போய்விட்டது என்று அதை வெட்டிவிடும் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. வேதியரும் தருமமும் முடிந்ததும் அருச்சுனன் அம்பு, கர்ணன் விழுகிறான், மங்களம் என்று முடித்துவிடுகிறார்கள். வில்லியார் பாரதத்தில் குந்தி வரம் கேட்டபோது கர்ணனும் ஒன்று கேட்டு வாங்கினான்: நான் உயிரோடு இருக்குமட்டும் இதை யாரிடமும் சொல்லாதே, நான் விழுந்த பிறகு எல்லாரும் அறிய வந்து என்னை மகன் என்று சொல். அவன் தாயிடம் கேட்டு வாங்கிய கடன் அது. அதை வெட்டினால், கதை முழுக்கத் தெரிந்தவர்கள் மறைத்த ஒன்று உங்கள் களரியிலும் மறைந்தே போய்விடும். தருமன் அறிய வேண்டும், அருச்சுனன் அறிய வேண்டும், தான் யாரைக் கொன்றேன் என்று அவன் வில்லைக் கீழே போட வேண்டும். குந்தி ஆடும் தங்கச்சிக்குப் பன்னிரண்டு நிமிசமாவது கொடுங்கள். அந்த நேரத்தில் மத்தளக்காரருக்குக் கை களைத்திருக்கும். இன்னொருவரை அதற்கென்றே பழக்கி வையுங்கள், அடுக்குப் பார்க்கும் நாளுக்கு முதலே.

அன்போடு,
உங்கள் பக்கத்து ஊரில் ஒரு காலம் சல்லரி தட்டிய ஒருவன்